ஸ்பாவில் ஒன்றரை மணி நேரம்: நகரமா, ஈசிஆரா, கேரளாவா, மாலத்தீவா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தை மாதம் அவருக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைகிறது. பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு மூன்று. மாமியாரும் கூடவே இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. வீட்டுக்காரர் மாலத்தீவு என்கிறார். நாத்தனார் கேரளாவுக்குப் போய் எண்ணெய் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார். இவருக்கோ ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஏதாவது ஒரு ரிசார்ட் போதாதா என்று சந்தேகம். "எனக்கு வேண்டியது ஒன்றுதான். யாரும் 'அம்மா' என்று கூப்பிடாமல் ஒரு நல்ல மசாஜ்" என்று முடித்திருந்தார்.

இதே குழப்பத்தோடு இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். சென்னையிலிருந்து கிளம்பும், பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நகரத்திலேயே ஒரு நட்சத்திர ஹோட்டல் ஸ்பா, ஈசிஆர் ரிசார்ட், கேரள ஆயுர்வேத ரிசார்ட், மாலத்தீவு.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லோரும் முதலில் ஸ்பாவின் படத்தைத்தான் பார்க்கிறோம். வாழை இலையில் பூ, பக்கத்தில் கல், பின்னால் கடல். படத்தில் எல்லா ஸ்பாவும் ஒன்றுதான். கண்ணை மூடிக் குப்புறப் படுத்த பிறகு கடல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை. முதலாவதே முக்கால் பங்கு முக்கியம்: நீங்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? பெரும்பாலான ரிசார்ட் ஸ்பாக்களில் 16 அல்லது 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடுவதில்லை. கிட்ஸ் கிளப் இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அது 4 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான். அதற்கும் சின்னக் குழந்தை என்றால் பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார வேண்டும்.

மற்றவை: போக வர எத்தனை மணி நேரம் கரைகிறது, வரி எல்லாம் சேர்த்துக் கடைசி பில் எவ்வளவு, உங்களுக்கு வேண்டியது அலுப்புத் தீர்வதா அல்லது வலிக்கு வைத்தியமா, நீங்கள் போகும் மாதத்தில் அந்த ஊரில் வானிலை எப்படி.

இதையெல்லாம் ஒரே எண்ணாக்க நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பயணத்தின் மொத்தச் செலவை, கணவனும் மனைவியும் பிள்ளைகளின் தொந்தரவு இல்லாமல் இருந்த மணிகளால் வகுப்பது. இருவரும் மூன்று மணி நேரம் நிம்மதியாக இருந்தால் ஆறு மணி நேரம் என்று கணக்கு. பிள்ளைகளோடு நீச்சல்குளத்தில் கும்மாளம் போட்ட நேரத்துக்கு மதிப்பில்லையா என்று கேட்பீர்கள். நிச்சயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது ஸ்பாவைப் பற்றி, ஆகவே கணக்கும் அதற்குத்தான். கீழே வரும் ரூபாய்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் தேதிக்கு உள்ள விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## நகரத்து நட்சத்திர ஹோட்டல்

இதை யாரும் பயணம் என்றே எண்ணுவதில்லை. அதனால்தான் முதலில் வைக்கிறேன்.

கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா, எம்ஆர்சி நகரில் லீலா பேலஸ், வேளச்சேரி சாலைப் பக்கம் பார்க் ஹயாத் என்று நகரத்துக்குள்ளேயே பெரிய ஸ்பாக்கள் இருக்கின்றன. அறை எடுக்காமல் ஸ்பாவுக்கு மட்டும் போகலாமா என்று போன் செய்து கேளுங்கள், பல இடங்களில் முன்பதிவு செய்தால் போதும். ஒருவருக்கு 90 நிமிடத்துக்கு 6,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு 13,000. ஜிஎஸ்டி 5%. சலூன், உடல் நலப் பராமரிப்புச் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை அட்டையை நீட்டினால் எந்த வரி என்று கேட்கத் தயங்காதீர்கள். வரியோடு 13,650, டாக்ஸி 1,200, பிறகு அங்கேயே ஒரு காபி, பலகாரம் என்று 1,500. மொத்தம் 16,350 ரூபாய்.

பிள்ளைகள் வீட்டில், அவர்களுக்குப் பழகிய ஆட்களோடு, பழகிய சாப்பாட்டோடு இருக்கிறார்கள். நீங்கள் சீக்கிரமே போய் நீராவி அறையில் உட்காரலாம், முடிந்ததும் அவசரமில்லாமல் தேநீர் குடிக்கலாம். ஆளுக்கு மூன்று மணி நேரம், ஆக ஆறு. மணிக்கு 2,700 ரூபாய்.

குறை என்ன? வெளியே வந்ததும் வேளச்சேரி சிக்னல். எண்ணெய் மணக்க, தலை கலைந்து, டாக்ஸிக்காரர் மேப்பைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அந்தச் சுகத்தில் பாதி கரைந்துவிடும். இதற்கு என் வழி, வார நாளில் காலை பத்தரை மணிக்குப் போவது. பள்ளி விடும் முன் வீடு திரும்பிவிடலாம், ஸ்பாவிலும் கூட்டம் இருக்காது.

பிள்ளைக்கு நான்கு வயது ஆகாதவர்களுக்கும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர்களுக்கும் இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

## ஈசிஆர் ரிசார்ட்

சென்னைக்காரர்களின் கை முதலில் நீள்வது இங்கேதான். கோவளத்தில் 1970களிலேயே வந்துவிட்ட தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ், வடநெம்மேலியில் ஷெரட்டன், மாமல்லபுரத்தில் ரேடிசன் ப்ளூ டெம்பிள் பே என்று வரிசையாக இருக்கின்றன. கோவளம் 40 கிலோமீட்டர் சுமாருக்கு, மாமல்லபுரம் 55-60. காலையில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை மதியம் கிளம்பினால் எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன், திருவான்மியூர் சிக்னலே சொல்லும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் இந்தச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் (பேர் வேண்டாம்) 'குடும்ப ஸ்பா பேக்கேஜ்' என்று பதிவு செய்தோம். காலை பஃபே பத்தரை வரை. விட முடியுமா? பொங்கல், இட்லி, அப்புறம் பான்கேக்கும் ஒரு கை பார்த்தாயிற்று. பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நிறைந்த வயிற்றோடு குப்புறப் படுத்தால் மசாஜ் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அது போகட்டும். பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்காரரின் முறை தொடங்கியது. பிள்ளைகளைக் கிட்ஸ் கிளப்பில் விட்டுவிட்டு நானும் நீராவி அறைக்குப் போனேன். ஒரு மணி அடித்ததும் ஸ்பா வரவேற்பிலிருந்து ஓர் அக்கா கதவைத் தட்டுகிறார்: "மேடம், கிட்ஸ் கிளப் ஒன்று முதல் மூன்று வரை லஞ்ச் பிரேக். பாப்பா அழறாங்க." மேலங்கியோடு, கால் முழுக்க எண்ணெயோடு, புல்வெளி குறுக்கே நான் ஓடியதை அன்று தங்கியிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

பேக்கேஜில் எங்கேயும் பொய் எழுதவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே பணம் ஒளிந்திருப்பது வரியில். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினால் 18%. 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறையோ 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது. 7,500-க்கு மேல் அறை விற்கும் ஹோட்டல் என்றால் அங்கே உணவகத்திலும் பொதுவாக 18% போடுவார்கள். 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி தனியாக இருந்தால் அது கட்டாயமில்லை. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள்.

இரண்டு இரவுக் கணக்கு: அறை 14,000, வரியோடு 16,520, இரண்டு இரவுக்கு 33,040. பையனுக்குக் கூடுதல் படுக்கை 5,000. மதியமும் இரவும் சாப்பாடு 14,000. இருவருக்கு ஸ்பா வரியோடு 11,550. பெட்ரோல், டோல் 1,500. எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய். கிடைப்பது ஆளுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் முறை வைத்து. மணிக்கு 16,000 ரூபாய்.

ஆனால் ஈசிஆருக்கு ஒரு வசதி உண்டு, மாலத்தீவுக்கு அது கிடையாது. சுற்றிலும் பிள்ளைகளைக் கூட்டிப்போக இடம் இருக்கிறது. ஒருவர் ஸ்பாவில் இருக்கும்போது மற்றவர் பிள்ளைகளோடு வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கோ போய்விடலாம் (தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை). மாமல்லபுரத்தில் தங்கினால் ஐந்து ரதமும் வெண்ணெய் உருண்டைப் பாறையும் இருக்கின்றன. இதை நாங்கள் 'ரிலே' என்போம். சேர்ந்து மசாஜ் என்ற கனவை விட்டுவிட்டால் இந்த ரிலே அருமையாக வேலை செய்யும்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசார்ட்டின் பின்வாசலில் மணல் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை அலையில் இறக்காதீர்கள். இந்தக் கரையில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது உண்மைதான். அது சுத்தம், வசதி, பாதுகாப்பு ஏற்பாடுகளை வைத்துக் கொடுப்பது, வங்காள விரிகுடா அதைப் படித்துப் பார்த்துவிட்டு அலை அடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு இங்கே நீச்சல்குளம்தான்.

பருவம்: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில், ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசியில். இந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்காத பதிவு வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி அருமை. ஆனால் காணும் பொங்கலன்று ஈசிஆர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

ஈசிஆர் யாருக்குப் பொருந்தும்? நான்கு வயதைத் தாண்டிய, தண்ணீர் என்றால் உயிரை விடும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு. ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் திரும்ப முடிந்தவர்களுக்கு. வார நாட்களில் அறை விலை இறங்கும், கூட்டமும் இருக்காது.

## கேரள ஆயுர்வேத ரிசார்ட்

குமரகம், மாராரிக்குளம், கோவளம் (இது திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளம்). இதை மற்ற மூன்றோடு ஒரே தராசில் வைப்பதே கொஞ்சம் தப்பு. ஸ்பாவில் நீங்கள் வாடிக்கையாளர், இங்கே பாதி நோயாளி.

நம் வீட்டு எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் காய்ச்சித் தலையில் வைத்து, ஊறவிட்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்தால், அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது, குளிர்ந்தது கூடாது, மிளகு ரசம் சோறு. பாட்டி சட்டம். ஆயுர்வேதமும் அந்தக் குடும்பம்தான். அப்யங்கம் என்றால் உடம்பு முழுக்க எண்ணெய். சிரோதாரா என்றால் நெற்றியில் எண்ணெய் நூலாக விழுந்துகொண்டே இருக்கும். ஞவரக்கிழி என்றால் ஞவரை அரிசியைப் பாலில் வேகவைத்துத் துணியில் கட்டி ஒற்றுவார்கள். வைத்தியர் முதலில் பார்த்துப் பேசி, பிறகுதான் எது என்று முடிவு செய்வார். அப்படி வைத்தியரே இல்லாமல் மெனு அட்டையை நீட்டினால் அது ஸ்பாதான், பேர்தான் ஆயுர்வேதம். கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களுக்கு ஆயுர் டயமண்ட், ஆயுர் கோல்ட் என்று தரம் கொடுக்கிறது. பதிவு செய்யும் முன் அதைக் கேளுங்கள்.

முழங்கால் வலி உள்ள மாமியாருக்கு இதுதான் பொருத்தம். ஆனால் இரண்டு நாளில் ஒன்றும் நடக்காது. வைத்தியம் என்று போனால் ஏழு, பதினான்கு, இருபத்தொரு நாள் என்றுதான் சொல்வார்கள். பத்தியம் உண்டு. பக்கத்து மேசையில் பேரன் கரிமீன் பொரித்தது சாப்பிடும்போது இவர் கஞ்சி குடிக்க வேண்டியிருக்கும்.

மழைக்காலச் சிகிச்சைக்குப் பேர்போனது கர்க்கடக மாதம், ஏறக்குறைய நம் ஆடி. மழை, குளிர்ச்சி, உடம்பு எண்ணெயை நன்றாக ஏற்கும் என்பார்கள். அப்போது சென்னையில் பள்ளிக்கூடம் முழுவீச்சில் நடக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த முடிச்சு அவிழ்வதே இல்லை.

பயணம் சென்ட்ரலில் இரவு வண்டி. ஆலப்புழை எக்ஸ்பிரஸிலோ திருவனந்தபுரம் மெயிலிலோ ஏறிப் படுத்தால் காலையில் கேரளா. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அன்றே போட்டுவிடுங்கள். ஐந்து இரவுக்கு: ரயில் 12,000, அறை 9,000 வீதம் வரியோடு 53,100, சாப்பாடு 20,000, இருவருக்கு ஐந்து நாள் சிகிச்சை 35,000, டாக்ஸி 6,000. ஒரு லட்சத்து 26 ஆயிரம். சிகிச்சையும் ஓய்வுமாக ஆளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் மொத்தம் இருபது. மணிக்கு 6,300 ரூபாய். மாமியாருக்கும் சிகிச்சை என்றால் அந்தச் செலவு தனி.

கணக்கு அழகாக வந்துவிட்டது. நடைமுறையில், பிள்ளைகளுக்கு இங்கே செய்ய அதிகம் இல்லை. படகு, வாத்து, மறுபடி படகு. மூன்றாம் நாள் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள்.

இன்னொன்று. மாமியாரைப் பிள்ளை பார்க்கும் ஆளாகக் கூட்டிப்போய், அவருக்கும் சிகிச்சை என்று சொல்லாதீர்கள். எண்ணெய் போட்டுக்கொண்ட முழங்காலோடு மூன்று வயதுப் பேத்தி பின்னால் காயல் கரையில் ஓட முடியாது.

## மாலத்தீவு

சரி, வீட்டுக்காரரின் கனவுக்கு வருவோம். பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக ஸ்பாவில் படுப்பது என்ற ஒரே விஷயத்தில், நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, மாலத்தீவின் பெரிய குடும்ப ரிசார்ட்டுகளை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. தீவு முழுக்க ஒரே ரிசார்ட். பிள்ளை தொலைந்துபோக வழி இல்லை. கிட்ஸ் கிளப் பல இடங்களில் நாள் முழுக்கத் திறந்திருக்கும். சுற்றிலும் ஆழமில்லாத காயல், நம் கரையின் அலை அங்கே இல்லை. தண்ணீருக்கு மேல் கட்டிய ஸ்பா அறையில் படுக்கையின் கீழே கண்ணாடி பதித்திருப்பார்கள், குப்புறப் படுத்தால் மீன் போவது தெரியும். மேலே கடல் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று எழுதினேனே, அதை இந்த ஒரு இடத்துக்கு மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விசா வந்திறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசுத் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம், பணம் கேட்கும் தளம் போலி. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும், பெரியவர்களுக்குப் போலப் பத்து இல்லை. இதை மறந்து கடைசி வாரத்தில் ஓடியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

இனிப் பணம். அங்கே விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கும். அதுதான் ஆபத்து. முதல் குறி 10% சேவைக் கட்டணம், இரண்டாவது சுற்றுலா ஜிஎஸ்டி. அது 2025 ஜூலை முதல் 17%. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல் இந்த 17-ஐப் போடுவார்கள். 180 டாலர் மசாஜ் கடைசியில் 231 டாலர் 66 சென்ட். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,850 ரூபாய், ஒருவருக்கு ஒரு தடவை.

ரிசார்ட்டில் தங்குபவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி. நான்கு பேர், நான்கு இரவு: 192 டாலர்.

விமானம் சென்னையிலிருந்து நேரடியாகக் கிடைத்தால் சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆனால் மாலேயில் இறங்கினால் ரிசார்ட்டில் இறங்கியதாக ஆகாது. தொலைவான தீவு என்றால் சீப்ளேன், அதன் கட்டணம் சில நேரம் சென்னை-மாலே டிக்கெட்டையே தாண்டும். அது பகலில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் மாலை மங்கும் நேரத்தில் இறங்கினால் ஓர் இரவு மாலே பக்கம் காத்திருக்க வேண்டும், அதற்கு ஓர் அறை. மாலேக்குப் பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட்போட், எந்த நேரமும் போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு ஸ்பீட்போட்டுக்கே.

படத்தில் பார்க்கும் தண்ணீர் மேல் வில்லாவையும் மறந்துவிடுங்கள். பல ரிசார்ட்டுகள் சின்னக் குழந்தைகளை அதில் தங்க அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், வாசலில் தடுப்பில்லாத மரத்தளம், கீழே கடல். மூன்று வயதுக் குழந்தையோடு அங்கே ராத்திரி கண் மூட முடியுமா? கரையோர வில்லாதான் குடும்பத்துக்கு.

இந்தியாவிலுள்ள ஏஜென்சி வழியாக வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். தீவில் கார்டு தேய்த்தால் வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும்.

நான்கு இரவுக் கணக்கு: டிக்கெட் 1,12,000. அரைப் போஜனத்தோடு (காலை, இரவுச் சாப்பாடு மட்டும்) வில்லா, எல்லாம் சேர்த்து 600 டாலர் வீதம் 2,16,000. ஸ்பீட்போட் 40,500. பசுமை வரி 17,280. இருவருக்கும் இரண்டிரண்டு மசாஜ் 83,400. மதியச் சாப்பாடு, முக்குளிப்பு, இதர 40,000. மொத்தம் ஐந்து லட்சத்துக்கு ஒன்பதாயிரம் அதிகம். பிள்ளைகள் இருவரும் கிட்ஸ் கிளப் வயதென்றால் தினம் நான்கு மணி நேரம், மூன்று நாள், இருவருக்கு: 24 மணி. மணிக்கு 21,000 ரூபாய்.

மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருந்தால்? கிளப்பில் தனியாக எடுக்க மாட்டார்கள். மணிக்கணக்கில் டாலரில் ஆயா வைக்கலாம், தெரியாத ஊரில் தெரியாத முகத்தைப் பார்த்து அது அழாமல் இருந்தால். இல்லையென்றால் இங்கேயும் ரிலேதான், ஆனால் முதலைப் பண்ணை இல்லாத ரிலே. எட்டு மணி கிடைத்தால் பெரிது. மணிக்கு 63,600 ரூபாய்.

பருவம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும், விலையும் அப்போதுதான் உச்சம். மே மாதம் நமக்குக் கத்திரி விடுமுறை, அங்கே தென்மேற்குப் பருவமழை தொடக்கம். விலை இறங்கும், மழை வந்தால் வரும்.

## ஒரே பார்வையில்

| | நகர ஹோட்டல் | ஈசிஆர் | கேரளா | மாலத்தீவு |
|---|---|---|---|---|
| நாள் | அரை நாள் | 2 இரவு | 5 இரவு | 4 இரவு |
| மொத்தம் (என் கணக்கு) | 16,350 | 65,000 | 1,26,000 | 5,09,000 |
| நிம்மதியான மணிகள் (இருவருக்கும் சேர்த்து) | 6 | 4 | 20 | 24. சின்னக் குழந்தை இருந்தால் 8 |
| ஒரு மணிக்கு | 2,700 | 16,000 | 6,300 | 21,000. அல்லது 63,600 |
| பிள்ளைகளைப் பார்ப்பவர் | வீட்டுப் பெரியவர் | ரிலே | ரிலே | கிட்ஸ் கிளப், 4 வயதுக்கு மேல் |
| எதிர்பாராத செலவு | டாக்ஸி | 7,500 தாண்டிய வரி, சர்வீஸ் சார்ஜ் | நாட்கள் நீள்வது | இரண்டு கூட்டல் குறி, பசுமை வரி, சீப்ளேன் |
| தவிர்க்க வேண்டிய காலம் | சனி, ஞாயிறு | மழைக்காலம், காணும் பொங்கல் | பள்ளி நாட்கள் (ஆடியில்தான் சிறப்பு) | கிறிஸ்துமஸ் விலை |

## எங்கே போனாலும்

கர்ப்பமாக இருந்தால், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டுக்கல் மசாஜ் வேண்டாம், சுட்டாலும் தெரியாது. வெயிலில் தோல் சிவந்திருக்கும் நாளில் உப்பு ஸ்க்ரப் என்றால் கத்திவிடுவீர்கள். கால் முடி மழித்த அன்றும் அதே கதிதான்.

நகையெல்லாம் கழற்றி வைக்கச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அதை ஒதுக்கிவிட்டு வேலை செய்யத் தெரபிஸ்டுகளுக்குப் பழக்கம்தான். மஞ்சள் சரடு என்றால் எண்ணெய் இறங்கி நிறம் துண்டில் ஒட்டும், அதை முன்கூட்டியே சொன்னால் பழைய துண்டாகப் போடுவார்கள். ஆண் தெரபிஸ்டா பெண் தெரபிஸ்டா என்பதையும் பதிவிலேயே கேளுங்கள். கேரள மையங்களில் பொதுவாக ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.

## மடிப்பாக்கம் அக்காவுக்கு

கல்யாண நாளன்று, அது வார நாளாக இருந்தால் நல்லது, நகரத்து ஹோட்டலில் இருவரும் சேர்ந்து மூன்று மணி நேரம். பிள்ளைகள் பாட்டியிடம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு ஞாயிறு மதியம் ஈசிஆர், எல்லோரும், மாமியாரும். அந்தப் பயணத்தில் ஸ்பா பேச்சே வேண்டாம், நீச்சல்குளம்தான். இரண்டும் சேர்ந்தே எழுபதாயிரம் ரூபாய்ச் சுமாருக்குள் முடிந்துவிடும்.

மாமியாரின் முழங்காலுக்கு ஆடியில் கேரளா. அவரும் உங்கள் நாத்தனாரும் மட்டும் போகட்டும். யோசனை சொன்னது அவர்தானே.

மாலத்தீவை இல்லை என்று சொல்லி வீட்டுக்காரரை வாட வைக்காதீர்கள், இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள். பெண்ணுக்கு ஐந்து வயதாகி, நீச்சலும் கற்றுக்கொண்டிருந்தால் அதே ஐந்து லட்சத்துக்கு மூன்று மடங்கு நிம்மதி கிடைக்கும்.

எந்த ரிசார்ட்டாக இருந்தாலும் பணம் கட்டும் முன் மதியம் ஒன்றரை மணிக்கு அங்கே போன் போட்டு, கிட்ஸ் கிளப்புக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.